குறிஞ்சிக்கு ஒரு பதிவேடு

குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒருமுறை பூக்கும். இது தெரியாத தமிழர் இருக்க முடியாது. ஆனால் அந்தப் பன்னிரண்டை எண்ணியது யார், எப்படி எண்ணினார்கள், சரிதான் என்று யார் கையெழுத்துப் போட்டார்கள்? இந்தக் கேள்வி எனக்கு எழுபத்து நாலாவது வயதில்தான் வந்தது. முப்பத்து மூன்று வருடம் அரசாங்க அலுவலகத்தில் ரெஜிஸ்டர் எழுதி ஓய்வு பெற்றவன் நான். எந்தக் கணக்கைப் பார்த்தாலும் அதற்குப் பின்னால் ஒரு பதிவேடு இருக்க வேண்டுமே என்று தேடுவது பழக்கமாகிவிட்டது. கடந்த சில மாதங்களில் தேடித் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். வழக்கம்போல் கொஞ்சம் நீளம். காபியோடு உட்கார்ந்து படியுங்கள்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. ஒருவர் எண்பது வயது வரை இருந்தால், விவரம் தெரிந்த பிறகு ஐந்து அல்லது ஆறு முறை குறிஞ்சி பூப்பதைப் பார்க்கலாம். அதுவும் மலையிலேயே இருந்தால். பளியர், முதுவர் போன்ற மலைமக்கள் குறிஞ்சி பூத்த முறையை வைத்து வயது சொல்வார்கள் என்று கேட்டிருக்கிறோம். அது அவர்கள் வீட்டுப் பதிவேடு, வாய்வழியாக வந்தது. காகிதத்தில் பார்த்தால், நம் தெற்கு மலைகளில் குறிஞ்சி பெருவாரியாகப் பூத்ததாகச் சொல்லும் வருடங்களின் பட்டியல் 1838-இல் தொடங்குகிறது. பிறகு 1850, 1862, 1874, 1886, 1898. அடுத்த நூற்றாண்டில் 1910, 1922, 1934, 1946, 1958, 1970, 1982, 1994. நம் காலத்தில் 2006, 2018. எண்ணிப் பார்த்தால் பதினாறு பூப்பு, நடுவில் 180 வருடம்.

இதில் எந்த ஒரு மனிதரும் பதினாறையும் பார்க்கவில்லை. ஒருவர் இரண்டு மூன்றைப் பார்த்து எழுதி வைத்தார், அடுத்தவர் அதற்குக் கீழே எழுதினார். அலுவலகத்தில் ஓர் எழுத்தர் மாற்றலாகிப் போனால், வந்தவர் அதே ரெஜிஸ்டரில் அடுத்த வரியிலிருந்து எழுதுவார் அல்லவா, அது மாதிரிதான். 1934-இல் பூத்ததைப் பற்றி ராபின்சன் என்பவர் எழுதிய கட்டுரை அடுத்த வருடம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் வந்தது. 1970-இல் பூத்த பிறகு அதே இதழில் எழுதியவர் பாதிரியார் கே. எம். மாத்யூ. திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் 1967-இல் ராபினா ஹெர்பேரியத்தைத் தொடங்கியவர் அவர்தான். ராபினா என்பது அவருக்கு முன்னால் இங்கே செடிகளைச் சேகரித்த பிரெஞ்சு ஏசுசபைப் பாதிரியாரின் பெயர்.

ஹெர்பேரியம் என்றால் என்னவென்று சிலருக்குத் தெரியாமல் இருக்கலாம். செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடம், உலர் தாவரங்களின் ஆவண அறை என்று வைத்துக்கொள்ளுங்கள். காட்டுக்குப் போகிறவர் பூவும் இலையும் உள்ள ஒரு கிளையை வெட்டுவார். பழைய செய்தித்தாள்களுக்கு நடுவே பரப்பி, இரண்டு பக்கமும் மரச் சட்டம் வைத்துப் பட்டையால் இறுக்கிக் கட்டுவார். தாளை அடிக்கடி மாற்றிக் காயவைப்பார். நன்றாகக் காய்ந்த பிறகு ஏறக்குறைய 42 சென்டிமீட்டர் நீளம், 28 சென்டிமீட்டர் அகலமுள்ள கெட்டித் தாளில் ஒட்டுவார்கள் அல்லது நூலால் தைப்பார்கள். கீழே வலது மூலையில் ஒரு சீட்டு. அதில் சேகரித்தவர் பெயர், அவருடைய வரிசை எண், தேதி, இடம், கடல் மட்டத்திலிருந்து உயரம், பூவின் நிறம், உள்ளூர்ப் பெயர். நிறத்தை ஏன் எழுத வேண்டும் என்றால், காய்ந்த பூவில் நிறம் நிற்காது. நீலம், ஊதா எல்லாம் நாளடைவில் பழுப்பாகிவிடும். பூ எந்த நிறத்தில் இருந்தது என்பது சீட்டில் மட்டும்தான் மிஞ்சும்.

இந்த வேலை எனக்குப் புதிதில்லை. புதுச்சேரியில் நான் படித்தது பிரெஞ்சு மீடியம். எங்கள் இயற்கை அறிவியல் வகுப்பில் வருடம் ஒரு எர்பியே செய்து கொடுக்க வேண்டும். பிரெஞ்சில் ஹெர்பேரியத்துக்கு அதுதான் பெயர். தாவரவியல் தோட்டத்திலும் கடற்கரைப் பக்கமும் அலைந்து இலை பொறுக்குவோம். ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு வரி எழுதியாக வேண்டும்: பெயர், இடம், தேதி, சேகரித்தவர். என் பக்கத்து பெஞ்சுக்காரன் ஒருவன் இருந்தான், கைத்திறன் உள்ளவன். அவன் ஒட்டிய நாகலிங்கப் பூவைப் பார்த்தால் ஓவியம் மாதிரி இருக்கும். ஆனால் தேதியும் இடமும் எழுத மாட்டான். வாத்தியார் சைபர் போட்டார். என் பக்கங்கள் பார்க்கச் சுமார்தான். நான்கு வரியும் இருந்ததால் இருபதுக்குப் பதினான்கு கிடைத்தது. பின்னாளில் நான் எழுத்தராகப் போவேன் என்பது அன்றைக்கே முடிவாகிவிட்டது என்று என் மனைவி கேலி செய்வாள்.

அந்தத் தாவரவியல் தோட்டத்துக்கும் நீலகிரிக்கும் ஒரு பழைய தொடர்பு உண்டு. லெஷெனோ தெ லா தூர் என்கிற பிரெஞ்சுத் தாவரவியலாளர் 1816-இல் புதுச்சேரிக்கு வந்தார். இங்கிருந்து செடிகளைச் சேகரித்துப் பிரெஞ்சு அரசுக்கு அனுப்புவது அவர் வேலை. நீலகிரிக்கு வெள்ளைக்காரர்கள் ஏறத் தொடங்கிய அந்த ஆரம்ப நாட்களிலேயே, 1819-இல், அவரும் மலை ஏறினார். அவருக்குப் பிறகு வந்தவர் பெரோத்தே. இவர் நீலகிரியில் அலைந்து திரிந்து நிறையச் செடிகளைச் சேகரித்தார், புதுச்சேரித் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டார், 1870-இல் புதுச்சேரியிலேயே காலமானார். நீலகிரியில் இருக்கும் குறிஞ்சி வகை ஒன்றுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்கள். பெரோத்தியானா என்று முடியும் அந்தப் பெயரைப் பார்த்தபோது ஊர்க்காரர் ஒருவரைப் பார்த்த மாதிரி இருந்தது.

குறிஞ்சி என்று நாம் ஒரு பெயரில் சொன்னாலும் அது ஒரு பெரிய குடும்பம். தாவரவியலில் அந்தப் பேரினத்துக்கு ஸ்ட்ரோபிலாந்தெஸ் என்று பெயர். ஜாவாவில் வேலை பார்த்த ப்ளூமே 1826-இல் வைத்தது. கிரேக்கத்தில் ஸ்ட்ரோபிலோஸ் என்றால் ஊசியிலை மரத்தின் கூம்புக் காய், ஆந்தோஸ் என்றால் பூ. மொட்டுக்கொத்து கூம்பு மாதிரி இருப்பதால் அந்தப் பெயர். ஆசியா முழுவதும் இதில் 350-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. எல்லாம் பன்னிரண்டு வருடக் கணக்கு இல்லை. சில வருடா வருடம் பூக்கும். மகாராஷ்டிரத்தில் கார்வி என்று சொல்லும் இனம் எட்டு வருடத்துக்கு ஒருமுறை. நாம் கொண்டாடும் நீலக்குறிஞ்சி, சோலைக்காடுகளை ஒட்டிய புல்வெளிகளில் இடுப்பளவுக்குள் வளரும் செடி. பன்னிரண்டு வருடம் சும்மா வளர்ந்து, ஒரே சமயத்தில் மலை முழுக்கப் பூத்து, விதை கொடுத்துவிட்டுச் செத்துப்போகும். அடுத்த தலைமுறை விதையிலிருந்து வரும்.

நீலக்குறிஞ்சியின் அறிவியல் பெயரில் குந்தியானா என்று வரும். அது அமைதிப் பள்ளத்தாக்கில் ஓடும் குந்திப்புழையைத் தொட்டு வந்த பெயர் என்று பலர் எழுதுகிறார்கள், கேட்க அழகாக இருக்கிறது. ஆனால் பள்ளியில் கொஞ்சம் லத்தீன் படித்தவனுக்கு அந்த முடிவு ஓர் ஆளின் பெயரோடு சேர்வது என்று தெரியும். பாரிஸில் பல வருடம் உழைத்த குந்த் என்ற ஜெர்மானியத் தாவரவியலாளர் அப்போது பேர்பெற்றவர். பெயர் வைத்தவர் நேஸ் என்ற இன்னொரு ஜெர்மானியர், 1832-இல். அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. மலையையும் பார்க்கவில்லை, ஆற்றையும் பார்க்கவில்லை. கப்பலில் போய்ச் சேர்ந்த காய்ந்த கிளைகளைப் பார்த்தே நம் குறிஞ்சியை விவரித்து எழுதினார். ஒரு தாள் எவ்வளவு தூரம் பேசும் என்பதற்கு இது ஒரு சாட்சி.

அப்படிப் பெயர் வைக்கும்போது எந்தத் தாளை வைத்துப் பெயர் வைத்தார்களோ, அந்தத் தாளுக்குத் தனி மரியாதை. நம் வீட்டு மூலப்பத்திரம் மாதிரி. பின்னால் எந்தத் தகராறு வந்தாலும் அதை எடுத்துத்தான் பார்ப்பார்கள். ஒரே செடியிலிருந்து நாலைந்து கிளை எடுத்து வேறு வேறு ஹெர்பேரியங்களுக்கு அனுப்புவதும் உண்டு. அலுவலகத்தில் நகல் அனுப்புவது போலத்தான், ஓர் இடத்தில் தீப்பிடித்தாலும் இன்னோர் இடத்தில் இருக்கும்.

எனக்கு மிகவும் பிடித்த வழக்கம் இன்னொன்று. ஐம்பது வருடம் கழித்து வேறொரு நிபுணர் வந்து, இந்தச் செடிக்கு வைத்த பெயர் தவறு என்று கண்டுபிடித்தால், பழைய சீட்டை அவர் அடிக்க மாட்டார், கிழிக்க மாட்டார். பக்கத்தில் ஒரு புதுச் சீட்டை ஒட்டித் தன் முடிவையும் பெயரையும் வருடத்தையும் எழுதுவார். சில தாள்களில் இப்படி மூன்று நான்கு சீட்டுகள் வரிசையாக இருக்கும். யார் எப்போது என்ன நினைத்தார்கள் என்பது அப்படியே தெரியும். நோட் ஷீட்டில் மேலதிகாரி கருத்து மாறினாலும் கீழே உள்ளவன் எழுதியதை அழிக்கக் கூடாது என்று எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது இதே விதிதான்.

ஆனால் எல்லாத் தாளும் பேசாது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் செடி சேகரித்தவர்களில் பெரிய பெயர் ராபர்ட் வைட். அவருடைய ஆயிரக்கணக்கான தாள்கள் உலகம் முழுக்க இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் அச்சடித்த சீட்டில் இடத்துக்கு நேரே கிழக்கிந்தியத் தீபகற்பம் என்று மட்டும் லத்தீனில் இருக்கிறது. நீலகிரியா, பழனியா, குற்றாலமா? எந்த மாதம்? ஒன்றும் இல்லை. செடி இருக்கிறது, முகவரி இல்லை. பள்ளித் தோழனுடைய நாகலிங்கப் பூ எனக்கு ஞாபகம் வந்தது.

இங்கேதான் முதலில் கேட்ட கேள்விக்கு வருகிறோம். பூ இல்லாத கிளையைப் பொதுவாக யாரும் ஹெர்பேரியத்துக்கு எடுக்க மாட்டார்கள். பூ இல்லாமல் இனத்தைச் சொல்வது கஷ்டம். அதனால் நீலக்குறிஞ்சியின் அலமாரியைத் திறந்து தாள்களைத் தேதிப்படி அடுக்கினால், தாள்கள் பூத்த வருடங்களில் குவியும், நடு வருடங்களில் மெலிந்துவிடும். பன்னிரண்டு வருடக் கணக்கை நிரூபிக்க வேண்டும் என்று எண்ணி அவர்கள் சேகரிக்கவில்லை. ஒவ்வொருவரும் அன்றைக்குப் பார்த்ததை எடுத்துத் தேதி போட்டார்கள், அவ்வளவுதான். தேதி போட்டதால் கணக்கு தானாக வந்தது.

தேதி மட்டும் போதாது, இடமும் வேண்டும். எல்லா மலையிலும் ஒரே வருடத்தில் பூப்பதில்லை. 2018-இல் மூணாறிலும் கொடைக்கானலிலும் பூத்தது. ஆனால் 2022-இல் இடுக்கி மாவட்டத்துக் கள்ளிப்பாறையில் ஒரு மலையே நீலமாகிக் கூட்டம் அலைமோதியது. அது பன்னிரண்டு வருடக் கணக்கு தப்பியதாகாது. அந்த மலையின் கணக்கு தனி. இடம் எழுதாத தாள்களாக இருந்திருந்தால் இரண்டும் கலந்து, குறிஞ்சி நினைத்தபோது பூக்கும் செடி என்று யாராவது எழுதி வைத்திருப்பார்கள்.

இடம் எழுதியதால் இன்னொரு பயன். பழனி மலையில் முன்பு புல்வெளியாக இருந்த இடங்களில் இன்று சீகை மரமும் தைலமரமும் பைனும் நிற்கின்றன. செயற்கைக்கோள் படங்களை வைத்து 2018-இல் வெளியான ஓர் ஆய்வு, 1973-க்கும் 2014-க்கும் இடையில் பழனி மலைப் புல்வெளிகளில் மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்று கணக்குச் சொன்னது. செயற்கைக்கோளுக்கு முந்தைய காலத்துக்கு யார் சாட்சி? செண்பகனூரில் 1895 முதல் இருந்த ஏசுசபைக் கல்லூரிப் பாதிரியார்கள் சேகரித்தவை, சென்னை மாநிலக் கல்லூரிப் பேராசிரியர் ஃபைசன் மலை உச்சிகளின் செடிகளைப் பற்றி 1915-இலிருந்து வெளியிட்ட புத்தகங்கள், கோயம்புத்தூரில் உள்ள மெட்ராஸ் ஹெர்பேரியம், மாத்யூ பாதிரியார் 1999-இல் முடித்த பழனி மலைத் தாவர நூல் ஆகியவைதான். இந்த இடத்தில் இந்தச் செடி இருந்தது என்று சொல்ல ஒரு தாள் இருந்தால், திரும்ப அங்கே புல்வெளியைக் கொண்டுவர நினைப்பவர்களுக்கு அது பட்டா மாதிரி. 2024-இல் நீலக்குறிஞ்சியை உலக அளவில் அழியும் ஆபத்துள்ள இனங்களின் பட்டியலில் சேர்த்தார்கள்.

சரி, ஓய்வு பெற்ற எழுத்தருக்கு இதில் என்ன அக்கறை என்று கேட்பீர்கள். சொல்கிறேன்.

2006-இல் நானும் என் மனைவியும் கொடைக்கானல் போனோம். கல்யாணமாகி இருபத்தெட்டு வருடத்தில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் போன முதல் பயணம் அது. பூம்பாறை போகும் வழியில் பேருந்து நின்றது. மேலே சரிவு முழுக்க நீலம். சாலையோரத்தில் மாடு மிதித்து ஒடிந்து கிடந்த ஒரு கிளையை அவள் எடுத்துத் தன் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் என்னுடைய பெத்தி லாரூஸ் அகராதிக்குள் வைத்தாள். பள்ளியில் பரிசாக வாங்கிய கனமான புத்தகம். அவளுக்குப் பிரெஞ்சு தெரியாது. எஸ்.எஸ்.எல்.சி. வரை தமிழ் மீடியத்தில் படித்தவள். அந்தப் புத்தகத்துக்கு வீட்டில் அதன் பிறகுதான் ஒரு உபயோகம் வந்தது என்று சொல்லிச் சிரித்தாள்.

2018-இல் மறுபடியும் போகலாம் என்று இருந்தோம். அவளுக்கு முழங்கால் வலி, படி ஏற முடியாது. "பரவாயில்லைங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றாள். அடுத்த தடவை என்றால் 2030. அவள் 2021-இல் காலமானாள்.

அதற்குப் பிறகுதான் நான் புதுச்சேரி வீட்டைக் காலி செய்துவிட்டு, பென்னலூருக்கு மகன் வீட்டுக்கு வந்தேன். மகன் ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறான். வாசலுக்கு வந்தால் புத்தம் புதுக் கார்களை அடுக்கிய நீள நீளமான லாரிகள் நெடுஞ்சாலையில் போய்க்கொண்டிருக்கும். புத்தகங்கள் நான்கு வருடமாக அட்டைப்பெட்டியிலேயே கிடந்தன. இந்த வருடம்தான் பேத்தி பிரித்து அடுக்கினாள். அவள் பதினொன்றாம் வகுப்பு, உயிரியல் எடுத்திருக்கிறாள். லாரூஸைப் புரட்டியவள், "தாத்தா, இது என்ன?" என்று கூப்பிட்டாள்.

கிளை முழுசாக இருந்தது. இலைகளில் நரம்பு தெளிவாகத் தெரிந்தது. பூக்கள் தேநீர் நிறத்துக்கு வந்துவிட்டன. பக்கத்தில் ஒரு சின்னச் சீட்டு. ஊறுகாய் பாட்டிலில் போட்ட தேதி எழுதி ஒட்டுவாளே, அதே அளவு, அதே கையெழுத்து. கேஸ் சிலிண்டர் மாற்றிய நாள், பால்காரர் வராத நாள் எல்லாம் காலண்டரில் குறிக்கிறவள் அவள். எழுதியிருந்தது இதுதான்:

17.9.2006 ஞாயிறு. கொடைக்கானல், பூம்பாறை போகும் வழி, டீக்கடைக்கு மேல் சரிவு. லேசான தூறல். பூ நீலமும் ஊதாவும். தேனீ நிறைய. செடி என் இடுப்புக்குக் கீழே.

எனக்குச் சிறிது நேரம் பேச்சு வரவில்லை. எர்பியே என்ற வார்த்தையைக் கேட்டிராதவள், என் வாத்தியார் கேட்ட நான்கு வரியில் இரண்டை எழுதி, அதற்கு மேல் நிறத்தையும் உயரத்தையும் சேர்த்திருக்கிறாள். விட்டுப்போனது செடியின் பெயரும் சேகரித்தவர் பெயரும் மட்டும்.

இங்கே ஏரிக்கரையில் என்னோடு காலையில் நடக்கும் நண்பர் ஒருவர், ஒரு கல்லூரியில் தாவரவியல் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரிடம் காட்டினேன். சீட்டை இரண்டு முறை படித்தார். "சார், செடிக்குப் பெயர் பிறகு யார் வேண்டுமானாலும் வைக்கலாம். தேதியையும் இடத்தையும் பிறகு யாராலும் வைக்க முடியாது. இது வீட்டில் இருக்க வேண்டியதில்லை. ஹெர்பேரியத்தில் இருக்க வேண்டியது" என்றார். நான் குறிஞ்சிக் கணக்கைத் தேடிப் படிக்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான்.

வீட்டில் அது சுலபமாகப் போகவில்லை. பேத்தி லேமினேட் செய்து சாமி அலமாரிக்குப் பக்கத்தில் மாட்டலாம் என்றாள். சூடு பட்டால் செடி கருகிவிடும் என்று சொல்லி அதைத் தடுத்தேன். மகன் ஒரு நாள் நைட் ஷிப்ட் முடிந்து வந்து சாப்பிட்டுக்கொண்டே, "அப்பா, அம்மா கையெழுத்து நம்மகிட்ட வேற எவ்வளவு இருக்கு? அதையும் கொடுத்துடணுமா?" என்றான். அவன் கேட்டதில் நியாயம் இருந்தது. சமையல் குறிப்பு நோட்டு ஒன்று, வங்கிப் படிவங்களில் போட்ட கையெழுத்து, இந்தச் சீட்டு, அவ்வளவுதான்.

நான் ஒரு வாரம் யோசித்தேன். என் மனைவியின் பெயர் எந்தெந்த அரசாங்கப் பதிவேட்டில் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்தேன். பள்ளிச் சான்றிதழ், ரேஷன் கார்டு, வாக்காளர் பட்டியல், ஆதார், என் பென்ஷன் புத்தகத்தில் நாமினி, கடைசியாக இறப்புச் சான்றிதழ். இவற்றில் ஒன்றுகூட அவள் செய்த காரியத்துக்காக எழுதியது இல்லை. யாருக்கோ மகள், யாருக்கோ மனைவி, இந்த முகவரியில் வசிப்பவர், இந்தத் தேதியில் இறந்தவர், அவ்வளவுதான். ஹெர்பேரியத் தாளில் அவள் பெயர் சேகரித்தவர் என்ற வரியில் வரும். ஒரு வேலையைச் செய்தவர் என்று அவள் பெயர் ஏறும் ஒரே பதிவேடு அதுதான்.

மகனிடம் இதைச் சொன்னேன். அவன், "அங்க போயிட்டா நாம நினைச்சா பார்க்க முடியுமாப்பா?" என்று கேட்டான். முடியும் என்றேன். உள்ளே வரும் ஒவ்வொரு தாளுக்கும் ஓர் எண் போடுவார்கள். எண் இருந்தால் எதையும் எடுத்துவிடலாம். நான் அலுவலகத்தில் இருந்தபோது நாற்பது வருடத்துக்கு முந்தைய கோப்பைக்கூட எண் சொன்னால் கால் மணி நேரத்தில் எடுத்துக் கொடுப்போம். எண் இல்லாததுதான் தொலையும். வீட்டில் இருப்பது எண் இல்லாதது. நான் போனபிறகு ஒரு தடவை வீடு மாறினால் அகராதியோடு சேர்ந்து அதுவும் பழைய பேப்பர் கடைக்குப் போகும். இதை நான் அவனிடம் சொல்லவில்லை. அவனே புரிந்துகொண்டான் என்று நினைக்கிறேன். மறுநாள் மொபைலில் நல்ல வெளிச்சத்தில் தாளையும் சீட்டையும் படம் எடுத்துப் பெரிதாக அச்சடித்துக்கொண்டு வந்தான். நகல் வீட்டுக்கு, மூலம் ஹெர்பேரியத்துக்கு. அலுவலக வழக்கப்படியும் அதுதான் சரி.

நண்பர் தனக்குத் தெரிந்த ஒரு கல்லூரி ஹெர்பேரியத்தில் பேசியிருக்கிறார், வாங்கிக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். மழைக்காலம் முடிந்ததும் மகன் லீவு போட்டு என்னை அழைத்துப் போகிறான். பேத்தியும் வருகிறாள். அவளுடைய சீட்டை அப்படியே தாளில் ஒட்டச் சொல்லப்போகிறேன். தட்டச்சு செய்த புதுச் சீட்டு பக்கத்தில் இருந்துவிட்டுப் போகட்டும். பழையதை எடுக்கக் கூடாது என்பதுதான் அவர்கள் விதியும்கூட.

இதற்கிடையில் பேத்தி தானாக ஒரு நோட்டுப் போட்டிருக்கிறாள். பென்னலூர் ஏரிக்கரையில் ஆவாரை, தும்பை, நெருஞ்சி என்று ஞாயிற்றுக்கிழமை ஒன்று வீதம் காயவைக்கிறாள். தேதி, இடம், நிறம் எழுதுகிறாள். சாலை இன்னும் அகலமாகும், தொழிற்சாலைகள் இன்னும் வரும், ஊருக்கு அது வேண்டியதும்தான், என் வீட்டு அடுப்பும் அதில்தான் எரிகிறது. எது எங்கே இருந்தது என்று ஒருவர் எழுதி வைத்தால் நல்லது. மலைக்கு மட்டும்தான் பதிவேடு வேண்டும் என்று இல்லையே.

இதைப் படிக்கிறவர்களில் என் வயதுக்காரர்கள் அதிகம். உங்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். பழைய பைபிள், இராமாயணம், பள்ளி அட்லஸ் எதையாவது புரட்டும்போது காய்ந்த பூவோ இலையோ கிடைத்தால் தூக்கிப் போடாதீர்கள். எந்த ஊர், எந்த வருடம், யார் வைத்தது என்று ஞாபகம் இருக்கும்போதே ஒரு சீட்டில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். 1958, 1970, 1982-இல் குறிஞ்சி பூத்ததைப் பார்த்தவர்கள் இருந்தால் எந்த மலை, எந்த மாதம் என்று எனக்கு எழுதுங்கள். மலையில் வேலை பார்த்தவர்கள், அங்கே படித்தவர்கள், தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர்கள் இருப்பீர்கள். வருகிறதை எல்லாம் வரிசையாக ஒரு நோட்டில் எழுதி வைக்கிறேன். 2030-இல் அதைத் தொடர்ந்து எழுத பேத்தி ஒத்துக்கொண்டிருக்கிறாள்.